ஒரே நேரத்தில் எத்தனை பேர்

"பத்து டன் போட்டுடுங்க," என்றார் பல் டாக்டர். அவர் படகில் ஏறி முழுசாக இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "அளவு, கணக்கெல்லாம் எதுக்கு இன்ஜினியரம்மா? எனக்குக் குளுகுளுன்னு இருக்கணும். அவ்வளவுதான்."

டன்னக்கா மேல் ஹாலின் சன்னலோரம் மண்டியிட்டு, அளவு நாடாவின் ஒரு முனையைச் சட்டத்தில் அழுத்திப் பிடித்திருந்தாள். மறுமுனை அவளுடைய கணவரின் தம்பி கையில் இருந்தது. அவன்தான் அவளுக்குக் குழாய் பொருத்துகிறவன். நாற்பத்திரண்டு வயது, நல்ல வேலைக்காரன், அதைவிட நல்ல தொப்பைக்காரன்.

"நாலடி மூணங்குலம், அண்ணி," என்றான் அவன்.

அவள் நோட்டில் எழுதிக்கொண்டு நிமிர்ந்தாள். "டாக்டர், ஒருத்தர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நீங்க எத்தனை பல்லைப் பிடுங்கணும்னு சொல்லிடுவீங்களா?"

டாக்டர் யோசித்தார். பிறகு அவர் முகம் வாயெல்லாம் பல்லாக மலர்ந்தது. "சரி, சரி. பாருங்க, பாருங்க."

படகுத்துறையில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. படகுக்கு ஏசி போட வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லோரும் எடுத்த எடுப்பில் 'எத்தனை டன் தேவைப்படும்?' என்றுதான் கேட்பார்கள். 'அளந்துட்டுச் சொல்றேன்' என்பாள் அவள். இருபது வருடமாக இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும் நடந்து நடந்து, அவள் டன்னக்காவாகவே ஆகிவிட்டாள்.

டாக்டரின் படகு இருபது மீட்டர் நீளம். கால் நூற்றாண்டாக இக்கரைக்கும் அக்கரைக்குமாக ஆட்களை ஏற்றி இறக்கியது. ஓய்வு பெற்ற கையோடு டாக்டர் அதை வாங்கி, கீழே ஐந்து படுக்கை அறைகளும் மேலே கண்ணாடி போட்ட ஒரு ஹாலும் கட்டியிருந்தார். தச்சு வேலை முடிந்துவிட்டது. குளிர்தான் பாக்கி.

ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஏசி என்று மாட்டுகிற படகு இல்லை இது. கீழே இஞ்சின் அறையில் சில்லர் என்கிற இயந்திரம் தண்ணீரை ஜில்லென்று ஆக்கும். அந்தத் தண்ணீர் நுரை உறை போட்ட குழாய்களில் படகு முழுக்கச் சுற்றும். அறைக்கு ஒரு விசிறிப் பெட்டி. அதற்குள் குளிர்ந்த தண்ணீர் ஓட, விசிறி அதன்மேல் காற்றை ஊதும். அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் கீழே திரும்பிப் போகும். வாங்கி வந்த சூட்டையெல்லாம் சில்லர் கடல்நீரிடம் கொடுத்துவிடும். கேட்க எளிமையாகத்தான் இருக்கும். எத்தனை டன் என்ற இடத்தில்தான் பாதிப் படகுகள் தடுக்கி விழுகின்றன.

"பெரிசா போட்டா என்ன தப்பு?" என்று கேட்டாள் டாக்டரின் மனைவி. கல்யாணத் துணி தைக்கிற கடை வைத்து முப்பது வருடம் நடத்தியவள். அவள் கழுத்தில் எப்போதும் ஓர் அளவு நாடா தொங்கும், படகிலும்.

"சட்டுனு குளிர்ந்து சட்டுனு நின்னுடும்க்கா. காத்துல இருக்கற ஈரத்தை எடுக்க அதுக்கு நேரமே இருக்காது. ராத்திரி மெத்தையில படுத்தா பிழியாத துணி மேல படுத்த மாதிரி இருக்கும். அதுவுமில்லாம, பத்து டன் மெஷின் ஒண்ணு ஸ்டார்ட் ஆகறப்ப உங்க ஜெனரேட்டர் மூச்சுத் திணறிடும். லைட்டெல்லாம் அழுது வடியும்."

"தொளதொளன்னு தைச்சா அழகாவா இருக்கும்னு நானும் கடையில சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சுட்டேன்," என்றாள் அவள் கணவரைப் பார்த்து. "கேட்டுக்கோங்க."

அளவு எடுக்கும் வேலை கீழே இறங்கியது. அறை அறையாக நீளம், அகலம், உயரம். கண்ணாடி எவ்வளவு, வெயில் எந்தப் பக்கம், இஞ்சின் சுவர் எவ்வளவு பக்கத்தில் என்று டன்னக்கா கேட்டுக் கேட்டு எழுதினாள். கடைசியில் ஒவ்வோர் அறையிலும் ஒரே கேள்வி.

"இங்க எத்தனை பேர் படுப்பாங்க?"

முதல் அறை டாக்டருக்கும் அவர் மனைவிக்கும். இரண்டாவது விருந்தாளிகளுக்கு, மூன்றாவது படகை ஓட்டுகிற கேப்டனுக்கு. நான்காவது, ஐந்தாவது அறைகள் எதிரெதிரே இருந்தன. நடுவில் இரண்டடி அகலத்துக்கு ஒரு நடை.

"இது பையன் ரூம். அவன், மருமக, பேத்தி," என்றார் டாக்டர். "எதிர்ல இருக்கறது பொண்ணு ரூம்."

"எல்லா ரூமும் ஒரே நேரத்துல நிறையுமா டாக்டர்?"

"நிறையும்," என்றார் டாக்டர்.

"நிறையாது," என்றாள் மனைவி.

இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். குழாய்க்காரன் நாடாவைச் சுருட்டுவதில் திடீரென்று மிகுந்த அக்கறை காட்டினான்.

இந்தக் கேள்வி டன்னக்காவுக்கு முக்கியம். எல்லா அறைகளையும் தனித்தனியாகக் கூட்டினால் ஒரு தொகை வரும். ஆனால் எந்தப் படகிலும் எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் முழுக் குளிரைக் கேட்பதில்லை. உண்மையில் எவ்வளவு கேட்கும் என்பது சுவரிலும் கண்ணாடியிலும் எழுதியிருக்காது. வீட்டு மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

"மூணு வருஷமா அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கறதில்லைம்மா," என்றாள் மனைவி கடைசியில், அறைக் கதவின் பிடியைத் துடைப்பதுபோலத் தடவிக்கொண்டே. "பொண்ணு வெளியூருக்கு வேலைக்குப் போனப்ப அவளோட நாயை அவன்கிட்ட விட்டுட்டுப் போனா. பேத்திக்கு நாய் முடி ஒத்துக்கலை, உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. இவன் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம நாயை ஒரு சிநேகிதனுக்குக் கொடுத்துட்டான். அதோட சரி. அவன் வர்ற இடத்துக்கு இவ வர மாட்டா. இவ வர்ற இடத்துக்கு அவன் வர மாட்டான்."

"வருவாங்க," என்றார் டாக்டர்.

"அவரு சொல்றதைக் கேக்காதே. ஒரு நேரத்துல ஒரு ரூம்தான். அதை வெச்சுக் கணக்குப் போடு."

"ரெண்டையும் வெச்சுப் போடுங்க இன்ஜினியரம்மா."

டன்னக்கா நோட்டை மூடினாள். "ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். கீழ் அறைகளில் நாலுக்கு அரை அரை டன். டாக்டர் அறை முக்கால். கேப்டன் நின்று படகை ஓட்டுகிற ஓட்டுநர் அறை சின்னதுதான், ஆனால் முழுக்கக் கண்ணாடி, அதற்கும் முக்காலுக்கு மேல். மேல் ஹால் மூன்று பக்கமும் கண்ணாடி, வெயில் கொட்டும் கூரை. அது ஒன்றே மூன்று டன்னைத் தாண்டியது. மொத்தம் ஆறே முக்கால். மனைவி சொல்படி ஓர் அறையை அடித்துவிட்டு, பகலில் கீழே ஆளில்லை என்றும் வைத்துக்கொண்டால், நாலரையில் வேலை முடிந்துவிடும்.

மைத்துனன் எதிரில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தான். "நாலரைன்னா வேலை சுலபம் அண்ணி. சின்ன குழாய், சின்ன பம்ப். நானும் கொஞ்சம் குனிஞ்சா போதும்."

"ரெண்டு பேரும் வந்துட்டா?"

"மூணு வருஷமா வராதவங்க, நீங்க ஏசி போட்டதும் ஓடி வரப்போறாங்களா?"

அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு தாளையே பார்த்தாள். வராத பிள்ளைகளுக்கு என்று ஆளுக்கோர் அறையைக் கட்டி, கதவுக்குப் பித்தளைப் பிடி போட்டு, அந்தப் பிடியைத் துடைத்துக்கொண்டே 'நிறையாது' என்று சொன்ன தாய் அவள் கண்முன் வந்தாள். வாய்தான் அப்படிச் சொன்னது.

"ஆறு," என்றாள். "மூணு மூணா ரெண்டு மெஷின். தனித்தனி பம்ப், தனித்தனியா கடல்நீர் வழி. தேவை குறைச்சலா இருந்தா ஒண்ணு ஓடும், கூடினா ரெண்டாவதும் சேந்துக்கும். ஜெனரேட்டருக்கும் சிரமம் இல்ல."

"அப்போ நான் நிறையக் குனியணும்," என்றான் மைத்துனன்.

டாக்டருக்கு ஆறு என்ற எண் பிடிக்கவில்லை. அதைவிட அவருடைய மச்சானுக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் மனைவியின் தம்பி அவர். வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கிற கடை வைத்திருந்ததால் குடும்பத்தில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் ஃபிரிட்ஜ் மாமா. குளிர் சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் தன் மூக்கு இல்லாமல் முடிவெடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

"ஆறா? இந்தப் படகுக்கா?" என்று அவர் ஹாலின் நடுவில் நின்று கைகளை விரித்தார். "என் கடை ஹாலுக்கே ஏழு ஓடுது! வெள்ளோட்டத்தன்னிக்கு நான் ஆளுக்கொரு கைவிசிறி வாங்கிட்டு வந்துடறேன்."

"உங்க கடைக் கதவு நாள் பூரா திறந்தே கெடக்கும்," என்றாள் டன்னக்கா. "இங்க ஒரு ஆள் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்க முடியாது. பகல்ல எல்லாரும் மேல. ராத்திரி எல்லாரும் கீழ. ஆறு தாராளம்."

"பாக்கலாம், பாக்கலாம்," என்றார் ஃபிரிட்ஜ் மாமா.

வேலை ஐந்து வாரம் நடந்தது. மைத்துனன் படகின் அடிவயிற்றில் தவழ்ந்து குழாய் இழுத்தான். "இந்தப் பொந்துல நான் மாட்டிக்கிட்டா படகை அறுத்துத்தான் என்னை வெளிய எடுக்கணும்," என்று தினமும் ஒரு தடவை சொன்னான். குழாயின் நுரை உறையில் கடுகளவு இடைவெளி விட்டாலும் அந்த இடம் வியர்த்துச் சொட்டும் என்பதால் டன்னக்கா விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தாள். தண்ணீர் நிரப்பி, குழாய்க்குள் சிக்கிய காற்றை ஒவ்வொரு விசிறிப் பெட்டியிலும் திறவுகோல் போட்டு வெளியே விட்டாள். கடகடவென்று உருண்டுகொண்டிருந்த சத்தம் மெல்ல அடங்கி, கடைசியில் படகு முழுவதும் ஒரு சின்ன முணுமுணுப்புதான் மிஞ்சியது. பட்டப்பகலில் இரண்டு மெஷினையும் ஓட்டிப் பார்த்தார்கள். டாக்டரின் மனைவி போர்வை கேட்டாள். டன்னக்காவுக்கு அதைவிட என்ன நற்சான்றிதழ் வேண்டும்?

வெள்ளோட்டத்துக்குப் பதினெட்டு பேர் வந்தார்கள். ஏதாவது ஒன்று சரியில்லாமல் போனால் பார்த்துக்கொள்ள டன்னக்காவும் மைத்துனனும் வேறு. ஃபிரிட்ஜ் மாமா சொன்ன சொல் தவறாமல் ஒரு கட்டு கைவிசிறியோடு வந்து சேர்ந்தார். அதை நடு மேசையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தார்.

படகுக்கு ஏறும் பலகையில் மகன் ஒரு கால் வைத்த நேரத்தில், பின்னால் வந்து நின்ற காரிலிருந்து மகள் இறங்கினாள். தங்கைக்கு லீவு கிடைக்கவில்லை என்று மகனிடமும், அண்ணன் வேலையாக வெளியூர் போயிருக்கிறான் என்று மகளிடமும் தாய் சொல்லிவைத்திருந்தாள். இரண்டும் பச்சைப் பொய். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், தாயைப் பார்த்தார்கள். தாய் கடலைப் பார்த்தாள். மேலே தளத்தில் நின்ற டாக்டருக்கு விஷயம் எதுவும் தெரியாது. கண் கலங்கி, "வந்துட்டாங்க! ரெண்டு பேரும் வந்துட்டாங்க!" என்று கைதட்டினார். அதற்கப்புறம் யாரால் திரும்பிப் போக முடியும்?

படகு புறப்பட்டது. மகன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். மகள் எதிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மருமகளும் எட்டு வயதுப் பேத்தியும் மேலே ஹாலில் கலகலவென்று இருந்தார்கள். டன்னக்கா நடையில் நின்று இரண்டு மூடிய கதவுகளையும் பார்த்தாள். எல்லா அறைகளும் குளிரைக் கேட்டன. இரண்டு சில்லரும் சமர்த்தாக ஓடின.

மணி பன்னிரண்டே முக்காலுக்கு, படகு நல்ல ஆழத்துக்கு வந்திருந்தபோது, இஞ்சின் அறையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"ரெண்டாவது மெஷின் நின்னுடுச்சு அண்ணி," என்று மைத்துனன் ஏணியில் பாதி ஏறி வந்து சொன்னான். "கடல்நீர் வரலை. சூட்டை வெளிய தள்ள வழியில்லாம தானாவே ஆஃப் ஆயிடுச்சு. வடிகட்டியைத் திறந்து பாத்தேன், சுத்தமா இருக்கு. வெளிய வாயிலதான் ஏதோ அடைச்சிருக்கு. பிளாஸ்டிக் பையா இருக்கும். உள்ளேருந்து தண்ணி பீய்ச்சி எதிர்ப்பக்கமா தள்ளிப் பாக்கறேன். அரை மணி நேரம் கொடுங்க."

அவள் மனம் உடனே கணக்குப் போட்டது. கையில் இருப்பது மூன்று டன். அதை ஏழு இடத்துக்கும் பிய்த்துக் கொடுத்தால் எல்லா இடமும் வெதுவெதுவென்று நாறிப்போகும். ஹாலுக்கு மட்டும் கொடுத்தால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். கீழே இறங்கி அறைகளுக்கான வால்வுகளை ஒவ்வொன்றாக மூடினாள். ஓட்டுநர் அறைக்கும் மூடிவிட்டு, கேப்டனிடம் சன்னலைத் திறந்துகொள்ளச் சொன்னாள். அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்.

பிறகு நடையில் வந்து மகளின் கதவைத் தட்டினாள். "ஒரு மெஷின்ல சின்னக் கோளாறும்மா. அரை மணி நேரம் கீழ குளிர் வராது. மேல ஹால்ல உக்காந்துக்கறீங்களா?"

"பரவாயில்ல, நான் இங்கேயே இருந்துக்கறேன்."

எதிர்க் கதவைத் தட்டினாள். அதே வார்த்தைகள்.

"பரவாயில்ல, நான் இங்கேயே இருந்துக்கறேன்," என்றான் மகன், அதே இழுப்போடு.

இஞ்சின் பக்கத்து அறை, மூடிய கதவு, நடுப்பகல். வீம்பு பத்து நிமிடம் தாங்கியது. பதினோராவது நிமிடம் இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. இரண்டடி நடையில் இருவரும் முகத்தோடு முகம் மோதாத குறை. மகள் விறுவிறுவென்று முன்னே ஏறினாள். மகன் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறினான்.

மேலே பதினெட்டு பேரும் ஒரே ஹாலில். குளிர் இருந்தது, ஆனால் தாராளமாக இல்லை. காற்று நேராக வந்து விழுகிற நீளச் சோபாவில்தான் இடம் மிச்சம் இருந்தது. அதில் மருமகள் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தாள். மகள் மறு கோடியில் உட்கார்ந்தாள். நடுவில் உட்காருவதைத் தவிர மகனுக்கு வேறு வழியில்லை. ஃபிரிட்ஜ் மாமா பொன்னான வாய்ப்பைத் தவறவிடவில்லை. மூவர் மடியிலும் ஒவ்வொரு விசிறியைப் போட்டார்.

"வாங்கிக்கோங்க, வாங்கிக்கோங்க! ஆறு டன் மகிமை! நான் அப்பவே சொன்னேன்."

டன்னக்காவுக்கு இது நன்றாகவே காதில் விழுந்தது. அவள் அதே சோபாவுக்குப் பின்னால்தான் மண்டியிட்டிருந்தாள். வால்வுகளை மூடியதில் ஹாலின் விசிறிப் பெட்டிக்குள் காற்றுப் புகுந்து கடகடத்தது. பலகையைக் கழற்றி, திறவுகோல் போட்டு அதை வெளியேற்றிக்கொண்டிருந்தாள். காது சிவந்தது. திறவுகோலை இன்னும் ஒரு சுற்று திருப்பினாள்.

சோபாவில் மூவரும் பொம்மை மாதிரி விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் இப்படி உம்முனு உக்காந்திருக்கறதைப் பாத்தாலே எனக்குப் புழுங்குது," என்றாள் மருமகள் திடீரென்று. கணவனின் சட்டைப்பையிலிருந்து போனை உருவி நாத்தனாரிடம் நீட்டினாள். "இதைப் பாரு முதல்ல."

"ஏய், அதை எதுக்கு..." என்று மகன் கை நீட்டினான். மருமகள் அந்தக் கையில் விசிறியால் ஒரு தட்டு தட்டினாள்.

மகள் போனைப் பார்த்தாள். விரலால் தள்ளினாள். மறுபடி தள்ளினாள். பின்னால் மண்டியிட்டிருந்த டன்னக்காவுக்குப் படம் தெரியவில்லை, அவள் தோள்கள்தான் தெரிந்தன. அவை மெல்ல மெல்லத் தளர்ந்தன.

"இது எப்ப எடுத்தது அண்ணி?"

"போன ஞாயித்துக்கிழமை. அதுக்கு முன்னாடி இருக்கறது அதுக்கு முந்தின ஞாயிறு. வாரா வாரம் நாயைப் பாக்கப் போயிடுவாரு. வந்ததும் வாசல்லயே சட்டையைக் கழட்டிப் போட்டுட்டுக் குளிச்சுட்டுத்தான் குழந்தைகிட்ட வருவாரு."

மகள் இன்னும் இரண்டு படம் பார்த்தாள். "குண்டாயிட்டான்," என்றாள், யாரையும் பார்க்காமல்.

"நடக்க மாட்டேங்கறான்," என்றான் மகன், அவனும் யாரையும் பார்க்காமல். "போறப்ப நடப்பான். வர்றப்ப உக்காந்துடுவான். பாதி தூரம் நான்தான் தூக்கிட்டு வரேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ போனை எடுத்தாத்தானே? பதினேழு தடவ பண்ணேன்."

"பதினெட்டாவது தடவ பண்ண உனக்குக் கை வலிச்சுதா?"

சொல்லிவிட்டு அவள் விசிறியால் அண்ணன் தலையில் ஒன்று போட்டாள். கொஞ்சம் பலமாகவே போட்டாள். அவன் "ஆ" என்றான், அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். டன்னக்கா திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பெட்டிக்குள் கடகடப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மைத்துனன் படிக்கட்டில் தலையை நீட்டி ஜாடை காட்டினான். அவள் எழுந்து போனாள்.

"பைதான் அண்ணி. பீய்ச்சினதும் போயிடுச்சு. தண்ணி ஜோரா வருது. ஸ்விட்சைப் போட வேண்டியதுதான்."

"போடு..." என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. டாக்டரின் மனைவி.

"சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுக்கா. இப்போ கீழயும் வந்துடும்."

"போடாதேம்மா. போட்டா ரெண்டும் அதது ரூமுக்குப் போயிடும். இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்குங்க. இன்னும் கொஞ்ச நேரம். சரியாகலைன்னு சொல்லிடு."

டன்னக்கா திரும்பி ஹாலைப் பார்த்தாள். ஃபிரிட்ஜ் மாமா ஒரு கூட்டத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டு, கூரையைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் முதலில் ஆறு காட்டின, பிறகு பத்து காட்டின. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் சொந்தமாகப் படகு வைத்திருப்பவர்கள்.

"அக்கா, இப்பவே எல்லாரும் என் கணக்கு தப்புன்னு பேசிட்டிருக்காங்க."

"தெரியும். சின்ன உதவின்னு நினைச்சுக் கேக்கலை. பெரிய உதவிதான் கேக்கறேன்."

இருபது வருடத்தில் அவள் மெஷின் ஓடாமல் நின்றிருக்கிறது, ஓட வைத்திருக்கிறாள். ஓடத் தயாராக இருந்ததை நிறுத்திவைத்ததில்லை. சோபாவில் அண்ணனும் தங்கையும் போனின்மேல் தலையோடு தலை சேர்த்துக் குனிந்திருந்தார்கள்.

"தம்பி, ஸ்விட்சைத் தொடாதே," என்றாள்.

மைத்துனன் வாய் பிளந்தான். "என்ன அண்ணி இது? மானம் கப்பலேறுது!"

"நாமளே கப்பல்லதானே இருக்கோம். ஏறட்டும்."

நாற்பது நிமிடம். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நாற்பது நிமிடம் வேறு இல்லை. டாக்டரே வந்து, முகம் வாடி, "அப்பவே பத்து போட்டிருக்கலாமோ இன்ஜினியரம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். "பாத்துட்டிருக்கோம் டாக்டர்," என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். யாரோ ஒரு பெண் போகிற போக்கில் அவள் கையிலும் ஒரு விசிறியைத் திணித்துவிட்டுப் போனாள். ஹாலில் வெப்பம் கொஞ்சம் கூடியதும் மேல்சட்டைகளைக் கழற்றினார்கள், விறைப்பாக உட்கார்ந்தவர்கள் தரையில் இறங்கிச் சம்மணம் போட்டார்கள். மகன் தன் பெண்ணை அத்தை மடியில் உட்கார வைத்தான். அத்தையின் புது வேலை, புது வீடு, அந்த வீட்டின் ஒழுகுகிற கூரை எல்லாம் பேச்சில் வந்தன. 'ஒரு நாள் வந்து பாக்கறேன்' என்று அண்ணன் சொன்னதும், 'ஒரு நாள் இல்ல, தேதி சொல்லு' என்று தங்கை பிடித்துக்கொண்டாள். தேதி குறிக்கப்பட்டது.

அப்போது தாய் படிக்கட்டுப் பக்கம் திரும்பித் தலையை ஒரு முறை ஆட்டினாள். மைத்துனன் கீழே பாய்ந்தான். அந்தத் தொப்பையோடு அவன் அப்படிப் பாய்ந்து டன்னக்கா பார்த்ததில்லை. இரண்டாவது சில்லர் உறுமி எழுந்தது. அவள் வால்வுகளைத் திறந்தாள். ஐந்தே நிமிடத்தில் ஹாலில் குளிர் இறங்கியது, கழற்றிய மேல்சட்டைகள் மறுபடி ஏறின.

கீழ் அறைகளும் குளிர்ந்தன. ஒருவரும் கீழே போகவில்லை.

படகு திரும்பும் வழியில் டன்னக்கா ஓரமாக உட்கார்ந்து இயந்திரப் பதிவேட்டை எழுதினாள். வாயால் சொன்ன பொய் போதும், பதிவேட்டில் பொய் எழுத அவள் கைக்கு வராது. எழுதி முடித்து, வழக்கப்படி உரிமையாளரின் கையெழுத்துக்காக டாக்டரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். மறுபடி படித்தார். உதடு துடித்தது.

"மச்சான்! இங்க வா. இதைக் கொஞ்சம் சத்தமா படி."

ஃபிரிட்ஜ் மாமா உற்சாகமாக வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "பன்னிரண்டு நாற்பத்தைந்து. இரண்டாவது சில்லர் நின்றது. காரணம், கடல்நீர் வாயில் பிளாஸ்டிக் பை. ஒன்று பதினைந்து. அடைப்பு நீக்கப்பட்டது. இயந்திரம் தயார். ஒன்று ஐம்பத்தைந்து. இயந்திரம் ஓடவிடப்பட்டது. நாற்பது நிமிடத் தாமதத்துக்குக் காரணம்..." அவர் குரல் தேய்ந்தது. "காரணம், வீட்டம்மாவின் உத்தரவு."

ஹாலில் எல்லாத் தலைகளும் தாயின் பக்கம் திரும்பின.

"அம்மா!" என்றார்கள் மகனும் மகளும் ஒரே குரலில்.

"என்ன அம்மா?" என்றாள் தாய், கழுத்து நாடாவை இழுத்துச் சரிசெய்துகொண்டே. "புழுங்குச்சா? நல்லாப் புழுங்கட்டும். மூணு வருஷம் நான் புழுங்கலை?"

முதலில் சிரித்தது மருமகள். பிறகு எல்லோரும். டாக்டர் சிரித்த சிரிப்பில் அவர் வாயிலிருந்த அத்தனை பல்லும் சொந்தப் பல் என்பது ஊருக்கே தெரிந்தது. ஃபிரிட்ஜ் மாமா மட்டும் பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தானாகவே அவளிடம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்போ, அந்த ஒரு மணி நேரமும் இத்தனை பேருக்கும் ஓடினது வெறும் மூணு டன்தானா?"

"வெறும் மூணு," என்றாள் அவள்.

அவர் தன் வெள்ளைச் சட்டையையும் பொருட்படுத்தாமல் இஞ்சின் அறையைக் காட்டச் சொன்னார். மைத்துனன் மிகுந்த மரியாதையோடு அவரை ஏணியில் இறக்கி, எங்கெல்லாம் குனிய வேண்டுமோ அங்கெல்லாம் குனிய வைத்து, ஒரு குழாயையும் விடாமல் காட்டினான்.

மேலே மகள் சோபாவில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். "காலையிலேருந்து நின்னுட்டே இருக்கீங்க அக்கா. வந்து உக்காருங்க, சாப்பிடுங்க."

டன்னக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மகன் ஒரு தட்டை நிரப்பி அவள் கையில் கொடுத்தான். நல்ல பசி அவளுக்கு. கரை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது. டாக்டர் ஓட்டுநர் அறைக்குள் தலையை நீட்டி, "கேப்டன், இன்னொரு சுத்து போகலாமா?" என்று கேட்பது காதில் விழுந்தது. படகு மெல்லத் திரும்பியது.